பிள்ளைக்காம்பராவுக்கு விளையாட்டுச் சாமான்: எதை வாங்குவது, எதை நாமே செய்துகொள்வது?

தூறல்:

வணக்கம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம், நாங்கள் பிள்ளைக்காம்பரா என்போம். 1 வயது முதல் 3 வயது வரை 14 பிள்ளைகள், அதில் பாதிப்பேர் 2 வயதுக்குக் கீழே. காம்பரா 18 அடிக்கு 14 அடி. சீமெந்துத் தரை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். பார்த்துக்கொள்ள இரண்டு பேர். தாய்மார் காலையில் விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் மாலை நாலரை வரை பிள்ளைகள் இங்கேதான்.

இப்போது இருப்பவை: சுவரில் நாலு எழுத்துப் படம், ஒரு பெரிய பந்து, பட்டரியில் பாட்டுப் பாடுகிற கார் ஒன்று, காது கிழிந்த கரடிப் பொம்மை இரண்டு. அந்த ஒரு பந்துக்குத்தான் நாள் முழுக்க அடிபிடி. போன வாரம் கடித்தும் விட்டார்கள்.

சாமான் வாங்க 30,000 ரூபா ஒதுக்கியிருக்கிறார்கள். கடையில் தந்த பட்டியல் இது: துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டுகிற ஏ-பி-சி ரப்பர் பாய், பிளாஸ்டிக் சமையல் செட், 100 துண்டுக் கட்டை ஒரு பெட்டி, பட்டன் அமுக்கினால் பேசுகிற புத்தகம், மணி கோர்க்கிற செட், பெரிய கரடி ஒன்று. இதில் எதை எடுக்கலாம்? வீட்டுப் பொருளை வைத்து என்ன செய்யலாம்? இன்னொன்று, ஜூன் பிறந்தால் இங்கே துணியெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். அதற்கும் வழி சொல்லுங்கள்.

சிரட்டை:

தங்கச்சி, அந்தப் பட்டியலில் அப்படியே எடுக்கக்கூடியது ஒன்றும் இல்லை. சமையல் செட்டில் இருக்கிற தட்டையும் கோப்பையையும் மட்டும் எடுக்கலாம். அதையும் வீட்டுச் சாமானாகவே வாங்கினால் மலிவு, உறுதி.

இந்த வயதுப் பிள்ளை ஒரு பொருளின் பெயரைப் படிக்க வரவில்லை, அதை வைத்து ஒரு வேலை செய்ய வருகிறது. ஒன்றேகால் வயதுப் பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள். டின்னுக்குள் எதையாவது போடும், கொட்டும், மறுபடி போடும். 20 தடவை செய்தாலும் அலுக்காது. அப்புறம் தூக்கிக்கொண்டு நடக்கும், தள்ளும், இழுக்கும், ஒன்றுக்குள் ஒன்றை நுழைக்கும், திறந்து மூடும், அடுக்கித் தள்ளிவிடும். இரண்டு வயது தாண்டினால் அம்மா செய்கிறதை எல்லாம் தானும் செய்யும். ஆக, ஒரு சாமானைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது, "இதை வைத்துப் பிள்ளை எத்தனை விதமாக வேலை செய்யும்?" பாட்டுப் பாடுகிற காரில் பட்டனை அமுக்குவது ஒன்றுதான் பிள்ளையின் வேலை, மிச்சத்தையெல்லாம் காரே செய்துவிடுகிறது. ஒரு பால்மா டின்னும் 8 பெரிய மூடியும் கொடுங்கள், அரை மணி நேரம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதில்லை.

அடுத்தது கடி. அது பிள்ளையின் குற்றம் இல்லை, ஒரே ஒரு பந்து வைத்தவர்களின் குற்றம். (கோபிக்க வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான்.) இரண்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும், சேர்ந்து விளையாடாது. பகிர்ந்து கொடு என்றால் அதற்கு விளங்காது. பத்து வகையில் ஒவ்வொன்று வாங்குவதை விட, மூன்று வகையில் ஒவ்வொன்றிலும் பல வாங்குங்கள். பந்து 6, தள்ளுகிற சாமான் 3, வாளி 6, ஒரே நிறத்தில். நிறம் மாறினாலும் சண்டை வரும். சிவப்பு வாளி ஒன்று, நீல வாளி ஐந்து என்று வைத்தால் அத்தனை பேருக்கும் சிவப்புத்தான் வேண்டும்.

வாங்க வேண்டியதற்கு என் வரிசை: பந்து, ஒன்றுக்குள் ஒன்று போகிற கிண்ணம் 3 செட், சின்ன வாளியும் அகப்பையும், கழுவக்கூடிய துணிப் பொம்மை 4, ரெக்சின் உறை போட்ட பஞ்சு மெத்தை 1, தடித்த அட்டைப் புத்தகம் 6. கட்டையைத் தோட்டத்துத் தச்சரிடம் செய்துகொள்ளலாம், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பேசுகிற புத்தகத்துக்குப் போகிற காசில் அட்டைப் புத்தகம் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கலாம்.

செய்துகொள்வதில் முதலாவது, பால்மா டின் உண்டியல். மூடி திறந்த வாயின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். குறட்டால் உள்பக்கம் மடித்து, சுத்தியலால் தட்டி, மேலே தடித்த துணி நாடாவை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பிளாஸ்டிக் மூடியில் 8 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் ஒரு கீறல் வெட்டுங்கள். உள்ளே போட ஜாம் போத்தல் மூடி நல்லது, 6 அல்லது 7 செ.மீ. அகலம் இருக்கும். அதன் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து, கூர் இருந்தால் தேய்த்துவிடுங்கள். முதல் வாரம் கீறல் இல்லாமல் டின்னைத் திறந்தே கொடுங்கள். இரண்டாவது வாரம் கீறல் மூடி. அதை எப்படித் திருப்பினால் உள்ளே போகும் என்று பிள்ளை மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பாருங்கள், நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிற கை அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து "உள்ளே போச்சு", "காணோம்", "இந்தா வந்திருச்சு", "இன்னும் ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அந்த நாலு சொல்லும் சுவரில் இருக்கிற நாலு படத்தை விடப் பெறுமதி.

சோடா போத்தல் மூடியை மட்டும் தொட வேண்டாம். ஏன் என்று கீழே யாராவது சொல்வார்கள், சொல்லாவிட்டால் நான் வருகிறேன்.

மரத்தூள்:

கட்டை விஷயம். கடையில் 100 துண்டு என்று விற்கிறது பெரும்பாலும் 3 செ.மீ. சதுரம், பளபளவென்று பெயின்ட் அடித்தது. மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். அந்த அளவு சின்னது, பெயின்ட்டும் வாயில் போகப் போக உரியும்.

தோட்டத்துத் தச்சரிடம் கொடுக்க வேண்டிய அளவு இது. தடிப்பு 3.5 செ.மீ., அகலம் 7, நீளம் 14. அதாவது ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு. இரண்டு அரைக்கட்டையைச் சேர்த்தால் ஒரு முழுக்கட்டை, இரண்டு கட்டையைப் படுக்கவைத்து அடுக்கினால் ஒரு கட்டையின் அகலம். இந்தக் கணக்கு பிசகாமல் இருக்க வேண்டும். தடிப்பில் 2 மி.மீ. வித்தியாசம் வந்தாலே நாலாவது கட்டையில் கோபுரம் சாய்ந்துவிடும், பிள்ளை தன் கைதான் சரியில்லை என்று விட்டுவிட்டு எழும்பிப் போய்விடும். அதனால் தச்சரிடம் "ஒரே சட்டத்தை முதலில் முழு நீளத்துக்கும் சீவு, அப்புறம் அறு" என்று சொல்லுங்கள். துண்டு துண்டாக அறுத்துவிட்டுச் சீவினால் அளவு ஒத்துவராது.

முழுக்கட்டை ஒன்று கிட்டத்தட்ட 200 கிராம் வரும். அதை ஒரு பிள்ளை எறிந்தால் இன்னொரு பிள்ளையின் நெற்றி உடையும். 2 வயதுக்குக் கீழே அரைக்கட்டை (7க்கு 7) மட்டும் போதும், எடையும் பாதி. உங்கள் கணக்குக்கு அரைக்கட்டை 50, முழுக்கட்டை 16. எறிகிற வயசுக்குப் பால் பெட்டி, தேயிலைப் பெட்டி மாதிரிக் காகித அட்டைப் பெட்டிகளுக்குள் பழைய பேப்பரை இறுக்கித் திணித்து நாடா ஒட்டிக் கொடுங்கள். பெரிதாகக் கட்டிய திருப்தியும் கிடைக்கும், யார் தலையில் விழுந்தாலும் ஒன்றுமில்லை. நனைந்தால் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம்.

மரம்: சவுக்கு (தேயிலைக்கு நிழலுக்கு நடுகிற கிரெவிலியா) நம்ம பக்கம் தாராளம், அறுக்கவும் சீவவும் லேசு. ஆனால் பச்சை மரத்தில் அறுத்தால் காயக் காய முறுக்கும். பலகையாக அறுத்து, நடுவே குச்சி வைத்து அடுக்கி, மழை படாமல் காற்றுப் படுகிற இடத்தில் நன்றாகக் காயவிட்ட பிறகுதான் அளவுக்கு அறுக்க வேண்டும். சவுக்குத் தூள் சிலருக்கு அரிக்கும், தடிக்கும். சாண்ட் பேப்பர் போடுகிறவர் முகத்தை மூடிக்கொள்ளட்டும், கட்டையை ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்த பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். பைன் வேண்டாம், பிசின் கசியும். சாண்ட் பேப்பர் முதலில் 80ஆம் நம்பர், அப்புறம் 120, கடைசியில் 180. எல்லா ஓரமும் சுண்டுவிரல் நகத்தின் வளைவு அளவுக்கு உருண்டு இருக்க வேண்டும். நல்லதா என்று பார்க்கப் பழைய நைலோன் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு கட்டையைத் தடவுங்கள். எங்கே இழை மாட்டுதோ அங்கே சிலாம்பு.

பெயின்ட், வார்னிஷ் இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் பூசாதீர்கள், கொஞ்ச நாளில் ஊசல் வாடை அடிக்கும், பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். வெறும் மரம் போதும்.

தொழிற்சாலைப் பக்கம் கிடக்கிற, சரக்கு அடுக்குகிற பலட் பலகையைச் சிலர் எடுப்பார்கள். அதில் முத்திரையைப் பாருங்கள். எம்.பி. (MB) என்று இருந்தால் மெதைல் புரோமைட் புகை போட்டது, தொடாதீர்கள். எச்.டி. (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, பரவாயில்லை. முத்திரையே இல்லையென்றால் அடுப்புக்குக்கூட வேண்டாம். கம்பத்துக்குப் பச்சை மருந்து ஏற்றிய மரமும் இதே கணக்குத்தான்.

தூறல்:

நன்றி அண்ணா. நடக்கப் பழகுகிற பிள்ளைகள் 4 பேர் இருக்கிறார்கள். தள்ளு வண்டி ஒன்றையும் தச்சரிடம் செய்யலாமா? கடையில் வாங்கியது ஒன்று முன்பு இருந்ததாம், பிள்ளை விழுந்துவிட்டது என்று ஒதுக்கிவிட்டார்களாம்.

மரத்தூள்:

செய்யலாம். விழுந்ததற்குக் காரணம் வண்டி லேசானது. புதிதாக நடக்கிற பிள்ளை கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போடும், வண்டி முன்னால் ஓடிவிடும், பிள்ளை முகம் குப்புற விழும். அல்லது கைப்பிடியைக் கீழே அமுக்கி வண்டி பின்னுக்குக் கவிழும். அடிப்பலகை 45க்கு 30 செ.மீ., கைப்பிடி தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். கைப்பிடித் தண்டு பின் சக்கரத்தை விடப் பின்னால் தள்ளி நிற்கக் கூடாது. பெட்டிக்குள் முன்பக்கமாக 3 கிலோ மணல் மூட்டை ஒன்றைப் போட்டு, வாய் தைத்து, மேலே பலகை அடித்து மூடுங்கள். சக்கரத்தின் அச்சில் ரப்பர் வாஷரை இறுக்கிப் போட்டால் மெதுவாகத்தான் உருளும். பிள்ளை நன்றாக நடக்கத் தொடங்கியதும் வாஷரைத் தளர்த்தலாம். சீமெந்துத் தரையில் தண்ணீர் ஓட சரிவு விட்டிருப்பார்கள், வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டப் பழக்குங்கள்.

பனிமூட்டம்:

சிரட்டை அக்கா விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன், சோடா போத்தல் மூடி.

3 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் சாமானைப் பரிசோதிக்க உலகம் முழுக்க ஒரு உருளை இருக்கிறது. குறுக்களவு 3.17 செ.மீ., ஆழம் ஒரு பக்கம் 2.54, மறுபக்கம் 5.71. பிள்ளையின் தொண்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பக்கமாகத் திருப்பிப் போட்டால், அமுக்காமலே அதற்குள் முழுதாக அடங்குகிற பொருள் ஆகாது. சோடா மூடி கிட்டத்தட்ட 3 செ.மீ., அடங்கிவிடும். அந்த உருளையைத் தேடி அலைய வேண்டாம். ஹாட்வெயாரில் 40 மி.மீ. பீ.வீ.சீ. குழாயில் 6 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். உள்ளே ஏறக்குறைய 3.5 செ.மீ. வரும், கொஞ்சம் கூடுதல் கண்டிப்பு, நல்லதுதான். ஒரு நூலில் கட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் தொங்கவிடுங்கள். புதிதாக வருகிற எதையும், உடைந்து விழுகிற எதையும் அதில் போட்டுப் பாருங்கள்.

பந்துக்குத் தனிக் கணக்கு. உருண்டையானது தொண்டையில் முழுதாக அடைத்துக்கொள்ளும் என்பதால் 4.5 செ.மீ.க்குக் குறைந்த பந்து கூடாது. பிங்பொங் பந்து 4 செ.மீ., ஆகாது. கிரிக்கெட் விளையாடுகிற டென்னிஸ் பந்து 6.5 செ.மீ.க்கு மேல், நல்லது. ஆனால் மேல் மயிர் பிய்யத் தொடங்கினால் எறிந்துவிடுங்கள், பல் முளைக்கிற பிள்ளை அதைப் பிய்த்துத் தின்னும்.

உங்கள் பட்டியலில் மூன்று சாமான் இதில் விழுகிறது. ஏ-பி-சி பாயில் எழுத்துத் தனியே கழன்று வரும், எழுத்துக்கு நடுவே இருக்கிற முக்கோணமும் வட்டமும் அதிலும் தனியே கழன்று வரும். அந்தத் துண்டைக் கடித்தால் ரப்பர் பிய்ந்து வரும். வெறும் பாய் வேண்டுமென்றால் எழுத்து இல்லாத, விளிம்புப் பல் பெரியதாக இருக்கிற பாய் பாருங்கள். மணி கோர்க்கிற செட்டில் மணியும் பிரச்சினை, நூலும் பிரச்சினை. இந்த வயதுக்கு எந்தக் கயிறும் 22 செ.மீ.க்கு மேல் கூடாது. இழுக்கிற வண்டிக் கயிற்றையும் வெட்டி விடுங்கள்.

மூன்றாவது பேசுகிற புத்தகம். உள்ளே இருக்கிறது காசு மாதிரிப் பட்டன் பட்டரி. விழுங்கினால் தொண்டையில் சிக்கி, எச்சிலில் மின்சாரம் ஓடி, 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். பிள்ளை எச்சில் ஒழுகவிடலாம், சாப்பிட மறுக்கலாம், ஒன்றுமே வெளியே தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இப்போது இருக்கிற பாட்டுக் காரிலும் பட்டரி மூடி திருகாணி போட்டு இறுகியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் பட்டரியை எடுத்துவிட்டு வெறும் காராகக் கொடுங்கள். பிள்ளைகள் அப்படித்தான் நன்றாக ஓட்டுவார்கள்.

தோட்டத்துக்கே உரிய இரண்டு விஷயம். மருந்தடிக்கிற கேன், உர பேக், எத்தனை தடவை கழுவினாலும் விளையாட்டுச் சாமானாகாது. வாளி, மேசை விரிப்பு, பொம்மைக்குள் திணிப்பு, எதற்கும் கூடாது. இரண்டாவது, இயற்கைப் பொருள் நல்லது என்று சொல்லிப் பொறுக்குகிறார்கள். ரோட்டோரம் தலைகீழாகத் தொங்குகிற பெரிய எக்காளப் பூ ஊமத்தைக் குடும்பம், பூ, இலை, விதை எல்லாம் நஞ்சு. குன்றிமணி அழகுக்கு வைப்பார்கள், மென்று விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) காய் சின்னது, குழாயில் விழும். பைன் காய் பெரியதாகப் பொறுக்கலாம். வேகவைக்காத சிவப்பு போஞ்சி விதையும் வேண்டாம், பச்சையாகத் தின்றால் வாந்தி, பேதி. மூக்கில் போட்டால் ஊறிப் பருத்துவிடும்.

சிரட்டை:

நல்ல வேளை சொன்னீர்கள் பனிமூட்டம். விதை பற்றி ஒன்று சேர்க்கிறேன். புத்தகத்தில் பார்த்துவிட்டு அரிசியைப் பேசினில் கொட்டி அளைய விடுகிறார்கள். வேண்டாம். மாதக் கடைசியில் அரிசிக்குக் கடன் கேட்கிற வீட்டுப் பிள்ளை, அரிசியைக் காலால் மிதிக்கிறதைத் தாய் பார்த்தால் என்ன நினைப்பாள்? ஆற்று மணலைச் சலித்து, கழுவிக் காயவைத்துப் பேசினில் 5 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். இரவில் மூடி வையுங்கள், பூனைக்கு அது கக்கூஸ்.

தண்ணீர் விளையாட்டும் அப்படித்தான், காலையில் வேண்டாம், கை விறைத்துவிடும். பதினொரு மணிக்குப் பிறகு வெயில் விழுகிற வாசலில், கைச்சூட்டுக்குத் தண்ணீர், பேசினில் 3 செ.மீ. போதும். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிடுங்கள், மாற்றுச் சட்டை எடுத்து வைத்த பிறகுதான் தொடங்க வேண்டும். கோப்பை, புனல், துளை போட்ட டின். ஒரு பேசினுக்கு 3 பிள்ளை, ஒரு பெரியவர் அங்கேயே. அந்த 3 செ.மீ. தண்ணீரிலும் குப்புற விழுந்தால் மூச்சு நின்றுபோகும். முடிந்ததும் அந்த நிமிஷமே கொட்டிவிடுங்கள்.

வீட்டு விளையாட்டுக்குக் கொழுந்துக் கூடைதான் பிள்ளைகளுக்கு உயிர். சின்னக் கூடை 4 பின்னச் சொல்லுங்கள், 20 செ.மீ. உயரம். தலைக்கயிறு மட்டும் போட வேண்டாம். கயிறு கழுத்துக்கு நழுவும், பிள்ளை எதிலாவது ஏறி மாட்டிக்கொள்ளும். கைப்பிடி வையுங்கள், அல்லது தலையில் தூக்கிக்கொள்ளட்டும். கூடைக்குள் போட 6, 7 செ.மீ. அகலத்துக்குப் பச்சைத் துணித் துண்டு 50, இலை மாதிரி வெட்டியது. பறிக்கும், போடும், சுவரில் மாட்டிய தராசு மாதிரி ஒன்றில் "நிறுக்கும்", கணக்கப்பிள்ளை மாதிரி அதட்டும். அந்த அதட்டலைக் கேட்டால் சிரிப்பை அடக்க முடியாது, ஆனால் இரண்டேகால் வயதில் பிள்ளை நாலு சொல் சேர்த்துப் பேசுகிற இடம் அதுதான்.

பழைய சேலையை 50 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள், நீளமாக வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். பொம்மைக்குத் தொட்டில், சும்மாடு, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாமே அந்தத் துணிதான்.

தூறல்:

ரொம்ப நன்றி அக்கா. பூஞ்சணத்துக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. சாமானை எப்படிக் கழுவுவது, ப்ளீச் எவ்வளவு போடுவது?

பனிமூட்டம்:

முதலில் "வாய்க்கூடை" ஒன்று வையுங்கள். பிள்ளை எட்டாத உயரத்தில் ஒரு பேசின். யாராவது வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்ட சாமானை, இன்னொரு பிள்ளை எடுக்கும் முன் அதில் போடுவது. மாலையில் அதில் இருப்பதை மட்டும் கழுவினால் போதும், எல்லாச் சாமானையும் தினமும் கழுவப் போனால் இரண்டு பேரால் முடியாது.

கழுவும் முறை: சோப்புத் தண்ணீர், அலசல், அப்புறம் ப்ளீச் தண்ணீரில் 2 நிமிடம், மறுபடி அலசல், காற்றில் காய்தல். துணியால் துடைத்தால் துணியில் உள்ளது திரும்ப ஒட்டும். ப்ளீச் போத்தலில் 5 வீதம் என்று இருந்தால் 1 லீட்டர் தண்ணீருக்கு 4 மி.லீ., தேக்கரண்டி நிறையாமல். கூடப் போட்டால் கூடச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம், வாடை பிள்ளையின் நெஞ்சில் பிடிக்கும். சோப்புப் போடாமல் அழுக்கோடு ப்ளீச்சில் போட்டாலும் பயனில்லை, அழுக்கு ப்ளீச்சைத் தின்றுவிடும். கலந்த தண்ணீர் மறுநாள் பலமிழக்கும், தினமும் புதிதாகக் கலக்குங்கள். கக்கூஸ் கழுவுகிற அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷப் புகை வரும். மரக்கட்டையை ஊறவைக்க வேண்டாம், ஈரத் துணியால் துடைத்துக் குத்துவசமாக நிறுத்திக் காயவிடுங்கள்.

பூஞ்சணம் பிடிப்பது குளிரால் இல்லை, மூடி வைப்பதால். ஈரமான சாமானைப் பெட்டிக்குள் அடைத்து மூடினால் மூன்றாம் நாள் கறுப்புப் புள்ளி வரும். மூடி இல்லாத, அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடையில் வையுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்து, மேலே இரும்பு மூலையால் சுவரோடு இணையுங்கள், ஏறினால் சரிந்து விழக்கூடாது. தட்டு 50, 60 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளை தானே எடுத்துத் தானே வைக்க வேண்டும்.

பெரிய கரடியை வாங்காதீர்கள். உள்ளே பஞ்சு காய ஒரு வாரம் ஆகும், ஜூலையில் ஒரு மாதம் ஆனாலும் காயாது. பொம்மை சின்னதாக, 25 செ.மீ., உள்ளே இலவம் பஞ்சு போடாமல் பொலியெஸ்டர் பஞ்சு. கண்ணுக்குப் பட்டன் தைக்காமல் நூலால் தையுங்கள். 8 பொம்மை இருந்தால் 4 வெளியே, 4 கொடியில். ஜூன் முதல் செப்டெம்பர் வரை துணிச் சாமானைப் பாதியாகக் குறைத்து, பிளாஸ்டிக், எவர்சில்வர் சாமானைக் கூட்டுங்கள். வெயில் கிடைத்த அன்றைக்கு எல்லாத் துணியையும் வெளியே எடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். பதுளைப் பக்கம் இருக்கிறவர்கள் இதே கணக்கை நவம்பரிலிருந்து ஜனவரி வரை வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கு அப்போதுதான் மழை.

மாவடை:

மாப் பிசைவதை யாரும் சொல்லவில்லையே. 2 வயதுக்கு மேலே: கோதுமை மா 2 கோப்பை, உப்பு அரைக் கோப்பை, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, சுடுதண்ணீர் முக்கால் கோப்பையில் தொடங்கி, ரொட்டி மாவை விடக் கொஞ்சம் இளகலாக வரும்வரை. நிறத்துக்கு மஞ்சள் தூள் அல்லது பீட்ரூட் அவித்த தண்ணீர். உப்பு இருப்பதால் 4, 5 நாள் தாங்கும், ஆனால் உப்பே நம்ம ஊர் ஈரத்தையும் இழுக்கும். காலையில் பிசுபிசுத்தால் ஒரு கைப்பிடி மா தூவிப் பிசைந்து கொடுங்கள்.

2 வயதுக்குக் கீழே உப்பு போட வேண்டாம். தின்னாமல் இருக்கமாட்டார்கள், அந்த அளவு உப்புச் சின்னப் பிள்ளைக்கு ஆகாது. வெறும் ரொட்டி மா, சாயம் இல்லாமல், அன்றன்றைக்குப் பிசைந்து மாலையில் எறிந்துவிடுங்கள். பிள்ளைக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு. உருட்டுக்கட்டை கொடுக்க வேண்டாம், உள்ளங்கையால் தட்டட்டும். வீட்டில் ரொட்டி தட்டுகிற சத்தம் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

தூறல்:

கடைசியாக ஒன்று. பெற்றார் கேட்பது எழுத்து. "டின்னும் சிரட்டையும் வீட்டிலேயே இருக்கே, இதுக்கா புள்ளய அனுப்புறோம்" என்கிறார்கள். தொரை (தோட்ட முகாமையாளர்) வந்து பார்க்கும்போதும் சுவரில் படம் இருந்தால்தான் நிலையம் மாதிரித் தெரிகிறது. என்ன சொல்வது?

சிரட்டை:

படத்தைக் கழற்ற வேண்டாம், இறக்குங்கள். பெரியவர் கண் மட்டத்தில் மாட்டியிருப்பீர்கள். தரையிலிருந்து 60 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். எழுத்துப் படம் ஒன்று போதும். மற்ற மூன்றின் இடத்தில் பிள்ளைகளின் அம்மா, அப்பா, குடியிருக்கிற லயம், கோயில், ஆடு, தண்ணீர்ப் பீலி, இவற்றின் போட்டோவைத் தடித்த அட்டையில் ஒட்டி, மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். ஊசி, ஸ்டாப்பிள் எதுவும் வேண்டாம். பிள்ளை போய் விரல் வைத்து "அம்மா" என்னும். இரண்டு வயதுக்கு வாசிப்பு அதுதான்.

பெற்றாருக்கு வாயால் சொல்லி விளங்காது. மாலையில் கூட்டிப்போக வரும்போது இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லி, அவர்கள் பிள்ளை கட்டை அடுக்குவதைக் காட்டுங்கள். ஒன்றேகால் வயதில் 2 கட்டை, ஒன்றரையில் 3, 4, இரண்டு வயதில் 6 அடுக்கும் என்பது பொதுக் கணக்கு. "போன மாதம் ரெண்டு, இப்ப நாலு" என்றால் அது எந்தத் தாய்க்கும் விளங்கும். அவர்கள் கையில் இருக்கிற பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டிலும் எந்த வயதில் என்ன செய்யும் என்ற பக்கம் இருக்கிறது, அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதில் பின்தங்கித் தெரிகிற பிள்ளை இருந்தால் அடுத்த கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள்.

தொரைக்கு அலுமாரியில் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் அந்தச் சாமானின் படத்தை ஒட்டி வையுங்கள். ஒழுங்காகத் தெரியும். உண்மையில் அது பிள்ளைக்குத்தான், கட்டையைக் கட்டைப் படத்தில் வைக்க வேண்டும் என்று ஒன்றரை வயதிலேயே பழகிவிடும்.

இன்னொன்று. வாங்கியதை எல்லாம் முதல் நாளே வெளியே வைத்துவிடாதீர்கள். பாதியை மேலே கட்டி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று சாமானை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் சின்னதுகள் அழும், தன் வாளியைத் தேடும்.

மரத்தூள்:

பந்துச் சண்டைக்கு இன்னொரு வழி. 90 மி.மீ. பீ.வீ.சீ. குழாயில் 4 அடித் துண்டு ஒன்று. வெட்டின வாயை சாண்ட் பேப்பரால் தேய்த்து, சுவரில் சாய்வாக, மேல் வாய் தரையிலிருந்து 60 செ.மீ., கீழ் வாய் 10 செ.மீ. உயரத்தில், மூன்று கவ்வி போட்டு இறுக்குங்கள். கீழே ஒரு கூடை. மேலே டென்னிஸ் பந்தைப் போட்டால் கீழே வரும். ஒரு குழாய் வைத்தால் அதற்கும் வரிசைச் சண்டை வரும், இரண்டு வையுங்கள், குழாய் ஒரே நிறத்தில்.

தூறல்:

இரண்டு குழாய்க்கும் கவ்விக்கும் விலை கேட்டுவிட்டேன், ரப்பர் பாயை விடக் குறைவு. கட்டைக்குச் சவுக்குப் பலகை தோட்டத்துப் பட்டறையில் காய்ந்ததே இருக்கிறதாம். பாட்டுக் காரின் பட்டரி மூடியில் திருகாணி இல்லை, பட்டரியைக் கழற்றியாகிவிட்டது.